ஆசிரியை ஆன் சல்லிவன் அம்மையார்

ஹெலன் கெல்லர் அம்மையாரின் பெயரைக் கேள்விப்படாதவர் நம் காலனியில் ஒருவரும் இரார். கண்ணும் செவியும் மழலைப் பருவத்திலேயே இழந்த ஒரு பெண்மணி, கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்று, நூல்கள் பல இயற்றி, நாடுகள் பலவற்றைச் சுற்றிச் சொற்பொழிவாற்றினார் என்பது பள்ளிப் பாடத்திலேயே நம் குழந்தைகள் படித்தறிந்த செய்தியாகும். 1955ஆம் ஆண்டில், எழுபத்து நான்கு வயதில், அவர் நம் பாரத நாட்டிற்கும் வருகை தந்தார். ஆயினும், கோபுரத்தைக் கண்டு வியப்போர் அதனைத் தாங்கும் அடித்தளத்தை எண்ணிப் பார்ப்பதில்லை. ஹெலன் கெல்லர் என்னும் கோபுரத்திற்கு அடித்தளமாய் அமைந்தவர் ஆன் சல்லிவன் என்னும் ஆசிரியை. அவ்வம்மையாரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்மலரில் இவ்வரலாற்றை எழுதத் தூண்டிய காரணம் ஒன்று உண்டு. ஊனமுற்ற குழந்தையைப் பெற்ற தாய் தந்தையர் அதற்கு உணவூட்டுகின்றனர், உடை உடுத்துகின்றனர், மருத்துவரிடமும் கோயிலுக்கும் எடுத்துச் செல்கின்றனர். ஆனால் அக்குழந்தை என்றும் குழந்தையாகவே இருந்துவிடுவதில்லை. அது வளர்ந்து ஆளாகிறது, பெற்றோர் மூப்படைகின்றனர். தங்களுக்குப் பின் இதன் கதி யாது என்னும் கேள்வி அவர்களை இரவில் உறங்க விடுவதில்லை. சல்லிவன் அம்மையாரின் வாழ்க்கை முழுவதுமே அக்கேள்விக்கு விடை தேடிய முயற்சி என்று சொல்லலாம்.

இளமையில் வறுமை

வட அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாசச்சூசெட்ஸ் என்பது ஒரு மாநிலம். அங்கே பீடிங் ஹில்ஸ் என்னும் சிற்றூரில், 1866ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14ஆம் நாள் ஆன் பிறந்தார். பஞ்சத்தால் அயர்லாந்தை விட்டுக் கடல் கடந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பம் அது. தந்தை கூலி வேலை செய்தவர், குடிப்பழக்கமும் உடையவர். ஐந்து வயதளவில் டிரக்கோமா என்னும் கண்நோய் சிறுமியைப் பற்றியது. மருத்துவம் செய்யப் பொருளில்லை. பார்வை நாளுக்கு நாள் மங்கியது. எட்டு வயதில் தாயார் க்ஷயரோகத்தால் மாண்டார். சில காலத்திற்குப் பின் தந்தையும் குழந்தைகளைக் கைவிட்டார்.

1876ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆனும் அவருடைய தம்பி ஜிம்மியும் தியூக்ஸ்பரி என்னுமிடத்தில் அரசாங்கம் நடத்திவந்த ஏழையர் விடுதிக்கு அனுப்பப்பட்டனர். முதியோர், நோயாளிகள், சித்தம் கலங்கியோர், திக்கற்ற பெண்கள் ஆகிய அனைவரையும் ஒன்றாக அடைத்து வைத்த இடம் அது. ஜிம்மிக்கு இடுப்பெலும்பில் க்ஷயம். ஊன்றுகோலின்றி நடக்க இயலாதவன். சென்ற சில மாதங்களிலேயே அவன் இறந்தான். உலகில் தனக்கென்று இருந்த ஒரே உயிரையும் இழந்த சிறுமி, நான்காண்டுகளுக்கு மேல் அவ்விடுதியிலேயே காலங்கழிக்க நேர்ந்தது.

கண் தெரியாதோர்க்கும் பள்ளிக்கூடம் உண்டு என்ற செய்தி அங்கே யார் மூலமாகவோ அவருடைய செவிக்கு எட்டிற்று. 1880ஆம் ஆண்டில் விடுதியைப் பார்வையிட அதிகாரிகள் குழுவொன்று வந்தது. அதன் தலைவரின் முகத்தைக்கூட அச்சிறுமியாற் காண முடியவில்லை. எனினும் மங்கலாகத் தெரிந்த உருவங்களின் பின்னே ஓடி, தமக்குப் படிக்க வேண்டும், தம்மைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று கதறினார். அக்குரல் வீண்போகவில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அவர் பாஸ்டன் நகரிலுள்ள பெர்க்கின்ஸ் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது பதினான்கு. தம் பெயரையும் எழுதத் தெரியாது.

சிறு குழந்தைகளோடு அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த இப்பெண்ணை உடன் பயின்றோர் ஏளனம் செய்தனர். முரட்டுச் சுபாவமும் கோபமும் அவரிடம் மிகுதியாயிருந்தன. பள்ளியை விட்டே நீக்கிவிடலாமா என்று ஆசிரியர்கள் எண்ணிய தருணங்களும் உண்டு. ஆனால் கூரிய அறிவு அவருக்கு இயற்கையாகவே வாய்த்திருந்தது. சத்திர சிகிச்சைகளால் பார்வையும் ஓரளவு திரும்பியது. 1886ஆம் ஆண்டில், தம் வகுப்பில் முதன்மை பெற்று, பட்டமளிப்பு நாளில் மாணவர் சார்பிற் பேசும் பெருமையும் எய்தினார். ஆறே ஆண்டுகளில் அடைந்த உயர்வு இது.

லாராவின் பாடம்

ஆனின் வரலாற்றில் லாரா பிரிட்ஜ்மன் என்னும் அம்மையாரைப் பற்றி இடையே சொல்லாமல் மேலே செல்ல இயலாது. 1829இல் பிறந்த லாரா, இரண்டு வயதிற் கண்ட ஸ்கார்லட் ஜுரத்தால் கண், செவி இரண்டையும் இழந்தார். முகரும் உணர்வும் போயிற்று. சுவையுணர்வும் பெரும்பாலும் மறைந்தது. 1837இல் பெர்க்கின்ஸ் பள்ளியின் முதல் தலைவராகிய டாக்டர் சாமுவேல் ஹோவ் அவரை அழைத்து வந்து, உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக்களைக் குறித்துக் காட்டும் முறையில் மொழியைப் போதித்தார். செவியும் கண்ணும் இல்லாதவர்க்குக் கல்வி புகட்ட முடியும் என்பதை உலகுக்கு முதன்முதலாகத் தெளிவாகக் காட்டிய நிகழ்ச்சி அது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842இல் நேரில் கண்டு வியந்து, தம் பயண நூலில் அதைப் பற்றி விரிவாக எழுதினார்.

ஆனால் பிற்பகுதியைப் பலர் அறியார். இருபது வயதளவில் லாராவின் கல்வி முடிந்தது. அவருக்கென அமர்த்தியிருந்த ஆசிரியையும் விலகினார். லாரா தம் பெற்றோரின் பண்ணை வீட்டிற்குத் திரும்பினார். அங்கே அன்புக்குக் குறைவில்லை. ஆயினும் ஓயாத உழைப்பில் ஈடுபட்ட அவ்வீட்டாரில் எவருக்கும் அவருடைய கையில் விரலால் எழுதிப் பேசிக்கொண்டிருக்க நேரம் கிடைக்கவில்லை. பேச்சற்ற இருளில் லாரா மெலிந்தார், உணவு செல்லவில்லை, உயிருக்கே ஆபத்து நேரும் நிலையில் அவரை மீண்டும் பள்ளிக்கே அழைத்து வந்தனர். அன்பர்கள் திரட்டிய நிதியின் உதவியால், தையலும் பின்னலும் செய்துகொண்டு, 1889இல் மறையும் வரை பள்ளி வளாகத்திலேயே வாழ்ந்தார்.

பள்ளிக்கூடத்திலே பாடங் கற்பித்தால் மட்டும் போதாது. பள்ளி முடிந்த மறுநாள் அவர் எங்கே இருப்பார், யாரோடு பேசுவார், எதைச் செய்து பொழுது போக்குவார் என்பவற்றையும் முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும் என்பதே லாராவின் வாழ்க்கை தரும் பாடம். ஆன் பெர்க்கின்ஸில் மாணவியாய் இருந்தபோது ஐம்பது வயதைக் கடந்த லாரா அங்கே இருந்தார். அவரோடு பேசுவதற்காகவே ஆன் அந்த விரலெழுத்தைப் பழகிக்கொண்டார். தம் வாழ்க்கைக்கு அதுவே மூலதனமாகும் என்று அப்போது அவர் அறிந்திரார்.

டஸ்கம்பியாவில் ஒரு மாதம்

தெற்கே அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்னும் ஊரில் கெல்லர் என்னும் குடும்பத்தார் வாழ்ந்தனர். 1880 ஜூன் 27ஆம் நாள் பிறந்த அவர்தம் மகள் ஹெலன், பத்தொன்பதாம் மாதத்திற் கண்ட கடும் நோயால் பார்வையையும் கேள்வியையும் இழந்தாள். லாராவைப் பற்றி டிக்கன்ஸ் எழுதியதைத் தாயார் படித்திருந்தமையால் அவருக்கு நம்பிக்கை முற்றும் அற்றுப்போகவில்லை. டெலிபோனைக் கண்டறிந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல் காது கேளாதோர் கல்வியிலும் பேரீடுபாடு உடையவர். அவருடைய யோசனையின் பேரில் கெல்லர் பெர்க்கின்ஸ் பள்ளிக்குக் கடிதம் எழுதினார். பள்ளியின் அப்போதைய தலைவரான மைக்கேல் அனக்னாஸ், ஆனைத் தேர்ந்தெடுத்தார். டாக்டர் ஹோவ் லாராவைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளைச் சில மாதங்கள் ஊன்றிப் படித்த பின், ஆன் புகைவண்டியேறித் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். 1887 மார்ச் 3ஆம் நாள் டஸ்கம்பியாவை அடைந்தார். ஆசிரியைக்கு வயது இருபது. மாணவிக்கு ஏழு நிரம்பவில்லை.

பெர்க்கின்ஸ் குழந்தைகள் ஹெலனுக்கென ஒரு பொம்மையைக் கொடுத்தனுப்பியிருந்தனர். அதன் உடைகளைத் தைத்தவர் லாரா. அப்பொம்மையைச் சிறுமியின் கையிற் கொடுத்து, பொம்மையைக் குறிக்கும் சொல்லை உள்ளங்கையில் எழுதியதே முதற்பாடம்.

வீட்டில் நிலைமை எளிதாயில்லை. பாவம், ஒன்றும் அறியாத குழந்தை என்று பெற்றோர் எதற்கும் தடை சொல்லாது வளர்த்திருந்தனர். உணவு மேசையில் ஹெலன் ஒவ்வொருவர் தட்டாகத் தடவிச் சென்று, விரும்பியதை அள்ளித் தின்பாள்; தடுத்தால் உதைப்பாள், கடிப்பாள், கிள்ளுவாள். ஆசிரியை தம் தட்டில் அவள் கையிட அனுமதிக்கவில்லை. மற்றவர்களை வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு, அவள் தன் தட்டிலிருந்து கரண்டியால் உண்டு, கைக்குட்டையை மடித்து வைக்கும் வரை போராடினார். பின்னர், வீட்டாரின் இரக்கம் இடையே புகாதிருக்கும் பொருட்டு, தோட்டத்திலிருந்த சிறிய வீட்டில் இருவரும் தனியே இரு வாரங்கள் தங்கினர்.

கண் இல்லாத குழந்தையிடம் இவ்வளவு கடுமை வேண்டுமா என்று நமக்குத் தோன்றும். ஹெலனின் தந்தைக்கும் அவ்வாறே தோன்றிற்று. ஆனால் பிறர் தட்டில் கையிடுபவளை ஆறு வயதில் மன்னிக்கும் உலகம் இருபத்தாறு வயதில் மன்னிக்காது என்பதை ஏழையர் விடுதியில் வளர்ந்த ஆன் நன்கறிவார். யாருக்கும் வேண்டாதவராய்ப் பெரியவர்கள் எங்ஙனம் அடைபட்டுக் கிடந்தனர் என்பதை அவர் கண்கூடாகக் கண்டிருந்தார்.

ஏப்ரல் 5ஆம் நாள் நிகழ்ந்ததை உலகம் அறியும். கிணற்றடியிலிருந்த குழாயிலிருந்து வழிந்த நீர் ஒரு கையில் விழ, மறு கையில் ஆசிரியை நீரென்னும் சொல்லை எழுதினார். விரலசைவுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு சிறுமியின் உள்ளத்தில் மின்னலெனப் பாய்ந்தது. அன்று பொழுது சாய்வதற்குள் ஏறக்குறைய முப்பது சொற்களைக் கற்றாள்.

இந்நிகழ்ச்சியோடு கதையை முடித்துவிடுவது நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் வழக்கம். ஹெலனின் வரலாற்றைத் தழுவி 2005இல் இந்தியில் வெளிவந்த பிளாக் என்னும் படத்தை நம் காலனியிற் பலர் பார்த்திருக்கலாம். உண்மையில் அம்மையாரின் பெரும்பணி கிணற்றடியிலே தொடங்கிற்றேயன்றி முடியவில்லை. அதற்குப் பின் அவர் நாற்பத்தொன்பது ஆண்டுகள் உழைத்தார்.

கற்பித்த முறை

ஆன் விரைவிலேயே ஓருண்மையைக் கண்டுகொண்டார். ஹெலனின் உறவினர் வீட்டில் பதினைந்து மாதக் குழந்தை ஒன்று இருந்தது. அதனிடம் யாரும் பாடம் நடத்தவில்லை; எல்லோரும் பேசிக்கொண்டே இருந்தனர்; அதுவும் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டது. அவ்வாறே ஹெலனிடமும் முழு வாக்கியங்களாகவே பேசுவது, புரிந்தது புரியட்டும் என்று ஓயாமல் கையில் எழுதிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தார். மேசை, நாற்காலி, மணியடித்தால் பாடம் என்னும் ஒழுங்கை விட்டொழித்து, வயலிலும் தோப்பிலும் ஆற்றங்கரையிலும் உலவியபடியே கற்பித்தார். டென்னசி ஆற்றங்கரையில் கூழாங்கற்களால் அணை கட்டி, தீவும் ஏரியும் அமைத்து விளையாடிய விளையாட்டில் பூகோளம் வந்து சேர்ந்தது. மரமேறவும், நீந்தவும், படகு தள்ளவும் ஹெலன் கற்றாள். விழுந்துவிடுவாளே என்று மற்றவர் அஞ்சியபோது ஆசிரியை கூடவே ஏறினார்.

மணிகளை வரிசை மாறாமல் கோக்கும் பயிற்சியில் ஒருநாள் ஹெலன் தவறு செய்து, எவ்வாறு திருத்துவது என்று மயங்கி நின்றாள். ஆன் அவளுக்கு விடையைச் சொல்லவில்லை. அவளது நெற்றியைத் தொட்டு, சிந்திக்கும்படி விரலால் எழுதினார். கண்ணாற் காண முடியாத ஒரு பொருளுக்கும் பெயருண்டு என்பதைச் சிறுமி அன்று உணர்ந்தாள். நாமாயின் மணியைப் பிடுங்கி நாமே கோத்துக் கொடுத்திருப்போம். விரைவாகச் செய்துவிடும் நம் கை, பல சமயங்களில் அவர்கள் கையைப் பழகவிடாமற் செய்துவிடுகிறது.

சோதனைகள்

புகழ் வளர வளரப் பொறாமையும் வளர்ந்தது. 1891இல் ஹெலன் எழுதி அனக்னாஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பிய சிறுகதை, முன்பே வெளிவந்த வேறொரு கதையை ஒத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. என்றோ கையில் எழுதிக் காட்டப்பட்ட கதை, குழந்தையின் நினைவில் தங்கித் தன் கற்பனைபோல் வெளிவந்துவிட்டது. எண்மர் கொண்ட குழு, ஆசிரியையை வெளியே அனுப்பிவிட்டு, பதினொரு வயதுச் சிறுமியைத் தனியே விசாரித்தது. ஹெலன் அதன் பின் கற்பனைக் கதை எழுதுவதையே விட்டார். பெர்க்கின்ஸ் தலைவரோடு ஆனுக்கிருந்த நட்பும் முறிந்தது.

1896இல் ஹெலன், கல்லூரிப் புகுமுகத்திற்காகக் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள பெண்கள் பள்ளியிற் சேர்ந்தார். ஆசிரியை மாணவியை அளவுக்கு மீறி வாட்டுகிறார் என்று கருதிய பள்ளித் தலைவர், இருவரையும் பிரித்துவிட முயன்றார். தாயார் விரைந்து வந்து மகளின் கருத்தறிந்து, அவரைப் பள்ளியிலிருந்தே விலக்கிக்கொண்டார். 1899இல் ராட்கிளிப் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் வினாத்தாளைக் கையில் எழுதிக் காட்ட ஆனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வேறொருவர் பிரெயில் எழுத்திற் பெயர்த்துத் தர, ஹெலன் தாமே தேர்வெழுதித் தேறினார். மாணவியின் அறிவெல்லாம் ஆசிரியையின் விரல்நுனியில் இருக்கிறது என்று பேசியோர்க்கு அதுவே விடையாயிற்று.

1900இல் கல்லூரிப் படிப்புத் தொடங்கியது. வகுப்பில் பேராசிரியர் பேசுவதை உடனுக்குடன் கையில் எழுதுவதும், பிரெயிலிற் கிடைக்காத நூல்களை நாள்தோறும் பல மணி நேரம் படித்துச் சொல்வதும் ஆனின் பணி. அவருடைய நோயுற்ற கண்கள் அதனால் மேலும் சீர்கெட்டன. 1904 ஜூனில் ஹெலன் சிறப்புத் தகுதியோடு இளங்கலைப் பட்டம் பெற்றார். கண், செவி இரண்டும் இல்லாதவர்களுள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. நான்கு ஆண்டும் ஒரு நாள் தவறாது அதே வகுப்பில் அமர்ந்த ஆசிரியைக்குப் பட்டம் இல்லை.

பட்டத்திற்குப் பின்

லாராவுக்கு நேர்ந்தது ஹெலனுக்கு நேரக்கூடாதெனின், பட்டத்திற்குப் பின் தொழில் வேண்டும். 1903இல் வெளிவந்த தன்வரலாற்று நூல் ஹெலனை எழுத்தாளராக்கியது. அந்நூல் வெளிவர உதவிய ஜான் மேசி என்னும் அறிஞரை 1905இல் ஆன் மணந்தார். ஹெலனும் அவர்களுடனேயே ரென்தம் என்னும் ஊரில் வாழ்ந்தார். அவ்வில்லறம் நீடிக்கவில்லை, 1914 அளவில் கணவர் பிரிந்து சென்றார்.

எழுத்தால் வந்த வருவாய் போதவில்லை. 1913 முதல் இருவரும் ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றினர். ஆன் கற்பித்த வரலாற்றைக் கூறுவார். ஹெலன் தம் குரலிற் பேசுவார். அவ்வாண்டில் ஒரு பயணத்தின்போது ஆன் திடீரென நோயுற்று வீழ்ந்தார். அந்நிய ஊரில், டெலிபோனில் பேசவும் இயலாது, மருத்துவரை அழைக்கவும் வழியறியாது ஹெலன் தவித்தார். ஆசிரியை இல்லையேல் தம் நிலை யாதென்பதை அவ்விரவில் இருவருமே உணர்ந்தனர். செல்வர் ஆண்ட்ரூ கார்னகி அளிக்க முன்வந்து, தன்மானம் கருதி முன்பு மறுத்திருந்த ஆண்டுத் தொகையை அதன் பின்னர் ஹெலன் ஏற்றுக்கொண்டார். 1914இல் பாலி தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துப் பெண்மணி உதவியாளராய் அமர்ந்தார். அவருக்கு விரலெழுத்தையும் ஹெலனோடு பழகும் முறையையும் படிப்படியாகப் பயிற்றுவித்தனர். தமக்குப் பின் யார் என்பதற்கு விடையை, தாம் மறைவதற்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஆன் தேடத் தொடங்கிவிட்டார் என்பதை நாம் கருத்தில் இருத்த வேண்டும்.

1920 முதல் சில ஆண்டுகள் நாடகக் கொட்டகைகளில், வித்தைக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் இடையே மேடையேறி இருவரும் பொருளீட்டினர். கூசும் விளக்கொளி ஆனின் கண்களை வருத்தியது. அவருக்கு அத்தொழில் பிடிக்கவில்லை. ஹெலனோ மக்கள் கூட்டத்தின் கலகலப்பை உள்ளங்கால் அதிர்விலேயே உணர்ந்து மகிழ்ந்தார். பிறர் கண்ணுக்கு இழிவாகப் பட்டாலும், உழைத்துண்ணும் பெருமை தமக்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. 1924 முதல், அமெரிக்கக் கண்ணிழந்தோர் நிறுவனத்தின் பணியில் ஈடுபட்டு, நிதி திரட்டுவதையே வாழ்நாள் தொண்டாக ஏற்றார்.

குறையொன்றையும் மறையாது கூற வேண்டும். 1916இல், ஆன் நோய்வாய்ப்பட்டு ஓய்விலிருந்த காலத்தில், செயலாளராய்ப் பணியாற்றிய இளைஞர் ஒருவர் ஹெலனை மணக்க விரும்பினார், ஹெலனும் இசைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. நூல்கள் எழுதி உலகப் புகழ் பெற்றிருந்தும், குடும்பத்தார் அதைத் தடுத்துவிட்டனர். படிக்கலாம், உழைக்கலாம், ஊர் சுற்றலாம். ஆனால் தம் வாழ்வைத் தாமே முடிவு செய்ய மட்டும் அவருக்கு உரிமை இருக்கவில்லை. ஊனமுற்றோரை ஆளாக்குவதில் நாம் கடைசி வரை தயங்கி நிற்கும் படி இதுவே போலும்.

இறுதிக் காலம்

ஆனின் கண்ணொளி மெல்ல மங்கியது. 1929இல் வலக்கண்ணையே அகற்ற நேர்ந்தது. பின்னர் மற்றக் கண்ணும் ஏறக்குறைய முற்றும் மறைந்தது. யாருக்குக் கண்ணாக இருந்தாரோ, அவர் கையைப் பற்றியே வீட்டில் நடக்கும் நிலை ஆசிரியைக்கு வந்தது. 1932இல் டெம்பிள் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. முன்பு வேண்டாமென மறுத்து, பிறரின் வற்புறுத்தலுக்கு இணங்கியே அதனை ஏற்றார். 1936 அக்டோபர் 20ஆம் நாள், நியூயார்க் நகரில், எழுபதாம் வயதில் அவர் காலமானார். அப்போது அவர் கை ஹெலனின் கைக்குள் இருந்தது. வாஷிங்டன் தேசியத் தேவாலயத்தில் அவரது அஸ்தி வைக்கப்பட்டது.

ஆசிரியை போனபின் ஹெலன் ஒடிந்துவிடுவார் என்று எண்ணியோர் பலர். துயரம் மிகுதியே, ஆயினும் அவர் ஒடியவில்லை. அடுத்த ஆண்டே பாலி தாம்சனுடன் ஜப்பான் சென்று தொண்டாற்றினார். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களை மருத்துவமனைகளிற் சென்று தேற்றினார். ஆசிரியையைப் பற்றி எழுதிவந்த நூலின் கையெழுத்துப் பிரதி 1946இல் வீடு தீப்பற்றியபோது எரிந்தது. தளராமல் மீண்டும் எழுதி 1955இல் வெளியிட்டார். ஆனுக்குப் பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, 1968 ஜூன் முதல் நாள் மறைந்தார். அம்முப்பத்திரண்டு ஆண்டுகளே ஆன் சல்லிவன் எழுதிச் சென்ற தேர்வின் மதிப்பெண் என்பேன்.

நமக்குரிய பாடம்

ஒரு குழந்தைக்காக ஒருவர் தம் வாழ்நாள் முழுவதையும் கொடுப்பது எல்லோர்க்கும் இயலாது, எதிர்பார்ப்பதும் நியாயமன்று. ஆகவேதான் சமூகமும் அரசும் அச்சுமையிற் பங்கேற்க வேண்டியுள்ளது. நம் நாட்டில், கண்ணும் செவியும் ஒருங்கே இழந்த குழந்தைகளுக்கென மும்பையில் ஹெலன் கெல்லர் பெயரிலேயே 1977இல் பள்ளி தொடங்கப்பட்டது. பல்வகை ஊனம் ஒருங்கே உடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005இல் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் நிறுவப்பட்டது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், அறிவு வளர்ச்சிக் குறைவு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம், பல்வகை ஊனம் ஆகியவை உடையோர்க்குப் பதினெட்டு வயதிற்குப் பின்னும் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க வழி செய்கிறது. மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் சட்டம் இருபத்தொரு வகை ஊனங்களை ஏற்று உரிமைகளை வகுத்துள்ளது. இவற்றை அறியாமலே பல பெற்றோர் காலங்கழிக்கின்றனர்.

ரயில்வேயில் ஊனமுற்றோர்க்கும் உடன் செல்வோர்க்கும் கட்டணச் சலுகை உண்டு. அதன்பொருட்டு அலுவலகத்திற்கு வருவோரைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறேன். முப்பது வயது மகன் பின்னே நிற்பான். அவன் பெயரைக் கேட்டால் தந்தை விடை கூறுவார். சிறிது பொறுத்து மகனையே பார்த்துக் கேட்டால், பல வேளைகளில் அவனே திக்கித் திணறிச் சொல்லிவிடுகிறான். தந்தையின் முகத்தில் அப்போது தோன்றும் மலர்ச்சியைச் சொல்லில் வடிக்க இயலாது. விடை சொல்ல அவனால் முடியும், கேட்டவர்தாம் இல்லை.

ஊரில் இருந்தால் பாட்டியும் அத்தையும் மாமனும் சூழ்ந்திருப்பர். பிழைப்பின் பொருட்டு மொழி வேறுபட்ட ஊரில் வந்து தங்கிய நமக்கு இக்காலனியே உற்றார், சங்கமே சுற்றம். லாராவின் வீட்டில் அன்பு இருந்தும் பேச ஆளில்லை என்பதை மறவாதிருப்போமாக. அத்தகைய குழந்தை உள்ள வீட்டிற்கு நாம் செல்லும்போது, பெற்றோரிடம் அனுதாபம் கூறுவதோடு நில்லாமல், அப்பிள்ளையிடமே நேராகப் பேசுவோம். ஆண்டு விழாவிற்கு வருவோர்க்குச் சந்தனமும் கற்கண்டும் வழங்கவும், நாற்காலிகளை எண்ணி அடுக்கவும், பந்தியில் இலை போடவும் அவர்களை அழைப்போம். மெதுவாகச் செய்யட்டும், தவறு நேரினும் நேரட்டும். பெற்றோரும் தம் வீட்டில் ஒரு வேலையையாவது அவர்களுக்கே உரியதாக்கி, அவர்களோடு பழகும் முறையை இன்னும் இருவர்க்கேனும் இன்றே சொல்லி வைப்பார்களாக.

ஏழையர் விடுதியில் எழுத்தறியாது கிடந்த ஒரு பார்வையற்ற சிறுமி, பள்ளிக்குப் போக வேண்டும் என்று கதறியபோது ஒருவர் நின்று செவிசாய்த்தார். அவர் நில்லாது போயிருப்பின் ஆன் சல்லிவன் இல்லை. ஹெலன் கெல்லரும் இல்லை. அவ்வாறு நின்று கேட்கும் பொறுமையை இறைவன் நமக்கும் அருள்வானாக.